ஓடுபாதையில் நிறுத்திய தள்ளுவண்டிகள்

கான்யோ பிளாங்கோ,
வௌபேஸ் ஆற்றங்கரை,
ஜூன் 1993.

அன்பு மகள் லுஸ் தாரிக்கு,

ஒட்டிலியா எழுதிக்கொள்வது. மாட்ரிட்டில் நீயும் உன் கணவரும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டுமென்று கன்னி மரியாளிடம் தினமும் கேட்டுக்கொள்கிறேன். இங்கே நாங்கள் எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். சம்பிரதாயத்துக்காக இதை எழுதவில்லை. ஏன் என்பது இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும்போது உனக்கே புரியும்.

என்னை உனக்கு நினைவிருக்கிறதா தெரியவில்லை. விமானத் திடலுக்குப் பக்கத்தில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவள். உனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது அப்பாவோடு இங்கே வந்தாய். என் மீன் குழம்பில் ஒரு வாய் வைத்துவிட்டு, காரம் தாங்காமல் நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு முற்றத்தைச் சுற்றி ஓடினாய். உன் அப்பா சிரித்த சிரிப்பில் காபிக் கோப்பை கவிழ்ந்தது. அந்த மனிதர் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

உன் முகவரி எப்படிக் கிடைத்தது என்று யோசிக்காதே. உன் கடிதங்களை எல்லாம் அவர் என் கடை மேஜையில் உட்கார்ந்துதான் படிப்பார். கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு உறையை விட்டுவிட்டுப் போவார். நான் ஒன்றையும் எறியவில்லை. டெலிபோனில் கூப்பிட்டிருக்கலாம்தான். ஆனால் இந்த ஊரில் இருப்பது ஒரே டெலிபோன், அதன் முன்னால் உட்கார்ந்திருப்பவள் ஆர்மிடா. அவளிடம் ஒரு சேதி போனால், நான் வீடு வந்து சேர்வதற்குள் அது எனக்கு முன்னால் வந்து என் வாசலில் உட்கார்ந்திருக்கும்.

விஷயத்துக்கு வருகிறேன். விபத்துக்குப் பிறகு நீ அப்பாவுக்கு எழுதிய கடிதத்தைப் பற்றி எனக்குத் தெரியும். அவருடைய கண்ணாடி உடைந்துபோயிருந்ததால் ஆஸ்பத்திரியில் நெஃப்தாலிதான் அதைப் படித்துக் காட்டினானாம். நெஃப்தாலியை உனக்குத் தெரியும், உன் அப்பாவோடு எப்போதும் கூடவே பறக்கிற மெக்கானிக். "இத்தன வயசுக்கு மேல ஏன்பா பறக்கணும்னு எத்தன தடவ சொன்னேன், உங்க பிடிவாதத்துல யாராவது செத்திருந்தா என்ன பண்ணுவீங்க" என்று எழுதியிருந்தாயாம். அப்பா கடிதத்தை வாங்கி மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாராம். உன்னைக் குறை சொல்ல இதை எழுதவில்லை மகளே. "முதிய விமானி கட்டுப்பாட்டை இழந்தார்" என்று பத்திரிகையில் போட்டிருந்தால், கடல் கடந்து இருக்கிற மகள் வேறு என்ன நினைப்பாள். ஆனால் நடந்தது அது இல்லை. நடந்ததை அவர் உயிர் போனாலும் உனக்குச் சொல்லமாட்டார். அதனால் நான் சொல்கிறேன்.

எங்கள் ஊருக்கு ரோடு கிடையாது. ஆறு இருக்கிறது, நடுநடுவே பாறையும் அருவியுமாக. உப்பு, சிமெண்ட், பீர், மருந்து எல்லாம் வில்லாவோ நகரத்திலிருந்து விமானத்தில்தான் வர வேண்டும், எங்கள் மீன் விமானத்தில்தான் போக வேண்டும். உன் அப்பாவின் அந்தப் பழைய இரட்டை எஞ்சின் விமானத்தை நாங்கள் தடிச்சி என்றுதான் கூப்பிடுவோம். தடிச்சி வந்தால் ஊரே கையில் தள்ளுவண்டியோடு ஓடும். கதவுக்கு முதலில் போகிறவன் சரக்கு முதலில் இறங்கும், அவன் மீன் முதலில் ஏறும். பிந்தினவன் மீன் வெயிலில் கிடந்து நாறும். அதனால் திடலின் கடைசியில், விமானம் திரும்பி நிற்கிற இடத்திலேயே போய்க் காத்து நிற்போம். அப்படி நிற்கக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. சட்டம் பொகோட்டாவில் இருக்கிறது, மீன் எங்களிடம் இருக்கிறது.

இன்னொரு பழக்கமும் உண்டு. ஊருக்கு மேல் ஒரு சுற்றுச் சுற்றினால் தபால் வந்திருக்கிறது. இரண்டு சுற்றுச் சுற்றினால் கோழிக்குஞ்சுப் பெட்டிகள் வந்திருக்கின்றன, சீக்கிரம் வந்து எடுங்கள், இல்லாவிட்டால் சூட்டில் செத்துவிடும் என்று அர்த்தம். இதை ஆரம்பித்து வைத்தவர் உன் அப்பாதான். ஒரு வருஷம் யாரும் வராமல் பெட்டி பெட்டியாகக் குஞ்சுகள் செத்துக் கிடந்ததைப் பார்த்துவிட்டு, "அடுத்த தடவ ரெண்டு சுத்து சுத்துறேன், சோம்பேறிங்களா, காது கேட்டா ஓடி வாங்க" என்று என் கடையில் நின்று திட்டிவிட்டுப் போனார். அன்றிலிருந்து தடிச்சி இரண்டு சுற்றுச் சுற்றினால் கோழிக்கூண்டு வைத்திருக்கும் ஒரு வீட்டிலும் ஆள் இருக்காது.

ஈஸ்டர் முடிந்த வாரம், காலையிலிருந்து மழை விட்டு விட்டுப் பெய்தது. தடிச்சி வந்தது. ஒரு சுற்று. தபால் என்றோம். பிறகு இரண்டாவது சுற்று. அவ்வளவுதான். கடையைப் போட்டது போட்டபடி நானும் ஓடினேன். எனக்கும் குஞ்சு வேண்டியிருந்தது, கழுகு வந்து என்னுடையதைத் தூக்கிக்கொண்டு போயிருந்தது. பீர்க்கடை கோர்னேலியோ எனக்கு முன்னால் ஓடினான். பிள்ளைகளைத் தள்ளுவண்டியில் உட்கார வைத்துக்கொண்டு தாய்மார் ஓடினார்கள்.

மேலே நடந்தது வேறு. இதை நெஃப்தாலி சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். சக்கரத்தையும் பிரேக்கையும் இயக்குகிற எண்ணெய் ஓடும் குழாய் நடுவானில் வெடித்துவிட்டது. ஹைட்ராலிக் போயிற்று என்கிறார்கள். திரும்பிப் போகலாம் என்றால் பின்னால் மழை சுவர் எழுப்பியதுபோல் அடைத்திருந்தது. நெஃப்தாலி தரையில் முழங்காலிட்டு, தேங்கி நின்ற கொஞ்சம் எண்ணெயைக் கைப்பம்பால் அடித்து அடித்துச் சக்கரத்தை இறக்கினான். அது இறங்கிப் பூட்டிக்கொள்வதற்காகத்தான் உன் அப்பா ஊரைச் சுற்றினார். ஒரு சுற்றில் முடியவில்லை. இரண்டாவது சுற்றில் முடிந்தது. சக்கரம் வந்தது, ஆனால் பிரேக்குக்கு ஒரு சொட்டு மிச்சமில்லை. எங்களுக்குச் சொல்ல வழியும் இல்லை. விமானத்தோடு பேசுகிற ஊர் ரேடியோ பழுதாகி வில்லாவோவுக்குப் போயிருந்தது. சரிசெய்து, அதே விமானத்தில்தான் திரும்பி வந்துகொண்டிருந்தது.

உன் அப்பா பதறவில்லை என்கிறான் நெஃப்தாலி. துணை விமானி, பொகோட்டாப் பையன், ஜெபம் சொல்ல ஆரம்பித்தானாம். "மனசுக்குள்ள சொல்லுப்பா, எஞ்சின் சத்தம் எனக்குக் கேக்கணும்" என்றாராம். எங்கள் திடலின் கடைசி கொஞ்சம் மேடு. பிரேக் இல்லாவிட்டாலும் மேட்டில் ஏறினால் வேகம் செத்துத் தானாக நின்றுவிடும் என்று அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியாத மண் இந்தத் திடலில் இல்லை. அந்த யோசனை சரியான யோசனை மகளே. விசாரணைக்கு வந்தவர்களே பிறகு அதைச் சொன்னார்கள். மேடு அங்கேதான் இருந்தது. மேட்டின் மேல் நாங்கள் நின்றோம்.

அழகாக இறங்கினார். இறங்கும்போது ஒரு குலுக்கல்கூட இல்லை. ஆனால் தடிச்சி நிற்கவில்லை. ஈரக் களிமண்ணில் வழுக்கிக்கொண்டு எங்களை நோக்கி வந்தது. நாங்கள் மரம்போல் நின்றோம். ஓடத் தோன்றவில்லை. அந்த விமானம் எங்களை இடிக்கும் என்று நினைக்க எங்களுக்குப் பழக்கமில்லை. கண்ணாடிக்குள் அவர் முகம் தெரிந்தது. என்னைத்தான் பார்த்தார் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை, எல்லோரையும் பார்த்திருப்பார்.

வலது பக்கம் பெட்ரோல் பீப்பாய்களும் வீடுகளும், என் கடையும். இடது பக்கம் சாக்கடைப் பள்ளம். அதற்கு அப்பால், திடல் போட்ட காலத்தில் கொண்டுவந்து திருப்பி எடுத்துப் போகாமல் துருப்பிடிக்க விட்டுவிட்ட ரோடு ரோலர். வால் சக்கரத்தின் பூட்டைத் திறந்துவிட்டு, வலது எஞ்சினை மட்டும் அலறவிட்டார். அந்தப் பெரிய உடம்பு ஒரு சுழல் சுழன்று இடது பக்கம் பாய்ந்தது. பள்ளத்தில் சக்கரம் மடங்கியது. இடது இறக்கை ரோலரில் பட்டுப் பிய்ந்தது. அவர் உட்கார்ந்திருப்பது இடது பக்கம் என்பது உனக்குத் தெரியும். எந்தப் பக்கம் நொறுங்கும் என்று தெரிந்துதான் திருப்பினார்.

அப்புறம் ஒரு சத்தமும் இல்லை. பெட்ரோல் வாடை வந்தது. துணை விமானியும் நெஃப்தாலியும் குதித்து வந்தார்கள், சிராய்ப்போடு தப்பித்தார்கள். உன் அப்பா வரவில்லை. கோர்னேலியோவும் இன்னும் சிலரும் ஏறிப் போய்ப் பார்த்தால், நசுங்கின காலோடு உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு ஸ்விட்சாக அணைத்துக்கொண்டிருக்கிறார். தூக்கப் போனவனிடம் "இருடா, முடிக்கலை" என்றாராம். கடைசி ஸ்விட்சை அணைத்த பிறகுதான் மயங்கினார். அதனால்தான் தீப்பிடிக்கவில்லை. உள்ளே கோழிக்குஞ்சு ஒன்றுகூட இல்லை. இருந்ததெல்லாம் உப்பு மூட்டையும் ரேடியோவும் கோர்னேலியோவின் பீரும். பீர் முழுக்க உடைந்து பள்ளத்தில் நுரையாக ஓடியது. அன்று சாயங்காலம் எங்கள் ஊர் நாய் ஒன்றும் நேராக நடக்கவில்லை.

கதவைக் கழற்றி அதில் படுக்க வைத்து என் கடைக்குத் தூக்கி வந்தோம். கண் திறந்ததும், "யாருக்காவது அடிபட்டுச்சா" என்று கேட்டார். இல்லை என்றேன். எல்லோரையும் கூப்பிடச் சொன்னார். "நல்லா கேட்டுக்குங்க. ஓடுபாதைல எவனும் இல்ல. எல்லாரும் வேலிக்கு வெளிய நின்னீங்க" என்றார். வேலியே இல்லையே கேப்டன் என்றேன். "அப்போ வீட்ல இருந்தீங்க. வயசாயிடுச்சு, கை தவறிடுச்சுன்னு நான் சொல்லிக்கிறேன். ஓடுபாதைல ஆள் நின்னாங்கன்னு தெரிஞ்சா திடலை இழுத்து மூடிடுவாங்க. அப்புறம் பாறைல படகைத் தூக்கிச் சுமந்துக்கிட்டுப் போய் மீனை விப்பீங்களா" என்றார். வலியில் வேர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது. அப்போதும் திட்டுவதை விடவில்லை.

இரண்டு சுற்று என்கிற பழக்கத்தைத் தான் தொடங்கியதால் தப்பு தன்னுடையதுதான் என்று நெஃப்தாலியிடம் சொன்னாராம். அது அவர் நினைப்பு. ஓடி வந்த கால்கள் எங்களுடையவை.

நேற்று இவ்வளவு எழுதிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனேன், சாப்பாட்டுக்கு ஆள் வந்துவிட்டது. இன்று தொடர்கிறேன்.

விபத்து நடந்து சில வாரம் கழித்து, விசாரணைக்காகப் பொகோட்டாவிலிருந்து இரண்டு அதிகாரிகள் ஹெலிகாப்டரில் வந்து என் கடையில்தான் சாப்பிட்டார்கள். ஊர் முழுக்க ஒரே பாட்டு. வீட்டில் இருந்தோம், ஒன்றும் பார்க்கவில்லை. ஆர்மிடாகூட வாயைத் திறக்கவில்லை, அந்த அதிசயத்தை நீ பார்த்திருக்க வேண்டும். பெரிய அதிகாரி, நரைத்த மீசைக்காரர், குழம்பைக் கலக்கிக்கொண்டே என்னிடம் கேட்டார். "முன்னால மேடு இருக்கு, நேரா விட்டிருந்தா தானா நின்னிருக்கும். இத்தன வருஷம் ஓட்டின மனுஷன் போயும் போயும் ரோலர் மேல கொண்டுபோய் விடுவாரா? அப்படீன்னா இனி அவரு எதையுமே ஓட்டக்கூடாது." நான் குழம்பில் இரண்டாவது தடவை உப்பைப் போட்டுவிட்டேன். அவர் மரியாதைக்காகச் சாப்பிட்டார்.

அன்றைக்குச் சாயங்காலம் கோயில் முற்றத்தில் ஊர் கூடியது. கோர்னேலியோதான் சத்தம் போட்டான். "கேப்டனே வாயை மூடச் சொல்லிட்டாரு. நமக்கு என்ன வேலை? திடலை மூடினா எதைத் தின்னுவீங்க" என்றான். சிலர் ஆமாம் என்றார்கள். அப்போதுதான் அதிகாரிகளோடு வந்திருந்த நெஃப்தாலி எழுந்து அந்தச் சேதியைச் சொன்னான். உன் அப்பாவின் முழங்கால் இனி மடங்காது. விமானத்தைக் காலால் மிதித்துத் திருப்ப முடியாது. விசாரணை எப்படி முடிந்தாலும் அவர் இனிப் பறக்கப்போவதில்லை. "அப்ப சொல்லி என்ன பிரயோஜனம்" என்றான் கோர்னேலியோ. ஆனால் எனக்கு உன் கடிதம் நினைவுக்கு வந்தது, அந்தத் தலையணையும் நினைவுக்கு வந்தது. கூட்டம் முடிவு எதுவும் எடுக்காமல் கலைந்தது.

மறுநாள் காலை அதிகாரிகளுக்குக் காபி ஊற்றிக்கொண்டிருந்தேன். வெளியே சக்கரம் கிறீச்சிடும் சத்தம். பார்த்தால் கோர்னேலியோ, தொப்பி இல்லாமல், ஞாயிற்றுக்கிழமைச் சட்டை போட்டுக்கொண்டு, காலித் தள்ளுவண்டியைத் திடலின் நடுவே தள்ளிக்கொண்டு போகிறான். மேட்டின் மேல் ஒரு இடத்தில் வண்டியை நிறுத்தினான். பின்னால் போய்ப் பார்த்தான். இல்லை என்று தலையாட்டிவிட்டுக் கொஞ்சம் முன்னால் நகர்த்தினான். அன்று அவன் நின்ற இடம் அது. அப்புறம் அதன் பக்கத்திலேயே கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

நான் கெட்டிலைக் கீழே வைத்துவிட்டு என் வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். அதன் பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. எங்கே நின்றோமோ அங்கே நிறுத்தினோம். பிள்ளைகளை வண்டியில் வைத்துக்கொண்டு ஓடிய தாய்மார் பிள்ளைகளையும் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். நீ நின்ற இடம் இது இல்லை, இன்னும் இந்தப் பக்கம் என்று இரண்டு பேர் சண்டைகூடப் போட்டார்கள். கடைசியில் பார்த்தால் திடலின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை வண்டிகள், ஓர் ஆள் நுழைய இடமில்லாமல். நாங்களே அப்போதுதான் பார்த்தோம். அன்று எவ்வளவு பேர் நின்றோம் என்று எங்களுக்கே தெரிந்திருக்கவில்லை. சில பெண்கள் அழ ஆரம்பித்தார்கள். நானும்தான்.

மீசைக்காரர் வண்டிகளின் ஓரமாக நடந்தார். பிறகு அங்கிருந்து ரோலர் வரை நடந்து போய் அதன் மேல் உட்கார்ந்தார். நெடுநேரம் ஒன்றும் எழுதவில்லை. திரும்பி வந்து என்னிடம், "உங்க கேப்டன் எங்கிட்ட பொய் சொல்லிட்டாரு" என்றார். ஆமாம், எங்களுக்காகத்தான் என்றேன். "இதை நான் எழுதினா திடலை மூட வேண்டியிருக்கும், தெரியுமில்ல" என்றார். தெரியும் ஐயா, அதைத் தெரிந்துகொண்டுதான் வண்டியைக் கொண்டுவந்தோம் என்றேன்.

எழுதினார். கேப்டன் எவேலியோ பர்ரகான் கட்டுப்பாட்டை இழக்கவில்லை, ஓடுபாதையில் நின்ற மக்களைக் காப்பாற்ற வேண்டுமென்றே திருப்பினார் என்று எழுதினார். திடலையும் மூடினார். வேலி போட்டு, வாசல் வைத்து, காவலுக்கு ஆளும் வைத்தால்தான் திறப்பார்களாம். இப்போது ஊர் முழுக்கக் குழி தோண்டுகிறது. கோர்னேலியோ முள்கம்பி இழுத்துக் கையெல்லாம் கிழிந்து கிடக்கிறான், பீர் இல்லாததால் அவன் புத்தி தெளிந்துவிட்டது என்று பெண்கள் கிண்டல் செய்கிறார்கள். மீன் பாதி அழுகுகிறது. உப்புக்குக் கஷ்டம்தான். ஆனால் ஒருவர்கூட இதுவரை ஏன் சொன்னோம் என்று கேட்கவில்லை. இந்தக் கடிதமும் படகில்தான் வருகிறது. ஈரம் பட்டு எழுத்து கலைந்திருந்தால் மன்னித்துக்கொள்.

உன் அப்பாவுக்கு மட்டும் ஆத்திரம் அடங்கவில்லை. நெஃப்தாலி மூலம் சொல்லி அனுப்பினார்: "அந்த ஒட்டிலியாகிட்டப் போய்ச் சொல்லு, நான் யாருக்காகக் காலை ஒடிச்சிக்கிட்டேன்னு நெனச்சா? ஊரைக் காப்பாத்தி வச்சா, கெடுத்துட்டு நிக்கிறா." நான் பதில் சொல்லி அனுப்பவில்லை. கோபம் எங்கள்மேல்தானே, படுகிறோம். ஆனால் வில்லாவோவில் வாடகை அறையில், மடங்காத காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டு, விமானச் சத்தம் கேட்கும்போதெல்லாம் ஜன்னலைப் பார்க்கிறாராம். அதைக் கேட்டால்தான் எனக்கு நெஞ்சு வலிக்கிறது.

மகளே, உன் அப்பா பெரிய மனிதர். எனக்குப் படிப்பு அதிகமில்லை, இதை அழகாக எழுதத் தெரியவில்லை. இன்று காலை திடலில் விளையாடிய பிள்ளைகள் எல்லாம் அவர் ஒரு கணத்தில் இடது பக்கம் திருப்பியதால் விளையாடுகிறார்கள். அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். அந்தத் தலையணைக்கு அடியில் இருக்கும் கடிதத்தின் மேல் வைக்க அவருக்கு இன்னொரு கடிதம் வேண்டும். சீக்கிரம் எழுது. நான் சொல்லித்தான் எழுதுகிறாய் என்று காட்டிக்கொள்ளாதே.

இன்னும் ஒன்று, உன்னிடம்தான் கேட்க முடியும். என் கடைக்குப் பின்னால் ஒரு அறை இருக்கிறது. வெள்ளையடித்து, படி இல்லாமல் மண் கொட்டிச் சரிவாக்கி வைத்திருக்கிறேன். ஜன்னலில் திடல் முழுக்கத் தெரியும். வேலி முடிந்து முதல் விமானம் வரும்போது அவர் அதில் வரலாம். நீயே ஒரு தடவை வந்து கூட்டிக்கொண்டு வந்தால் இன்னும் நல்லது, உனக்குக் காரம் போடாமல் குழம்பு வைக்கிறேன். திடல் வாசலைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும் என்று ஊர் சொல்கிறது. எங்களைத் திட்டி வெளியே நிறுத்த அவரைவிடப் பொருத்தமானவர் யார் இருக்கிறார்.

நீ அவரிடம் சொல், மகளே. நான் கூப்பிட்டால் நன்றிக்காகக் கூப்பிடுகிறேன் என்று நினைத்துக்கொள்வார்.

உன் குழந்தைக்கு என் முத்தங்கள். நீ போகிற வழியெல்லாம் தேவன் துணை வரட்டும்.

இப்படிக்கு,
உன் பதிலுக்காக ஆற்றைப் பார்த்துக்கொண்டிருக்கும்
ஒட்டிலியா